அண்ணாச்சி கடை பார்லியும் ஆறு எம்.எம். கல்லும்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் மளிகைக் கடையில் பார்லி அரைக் கிலோ கேட்டேன். எடுக்கப் போன அண்ணாச்சி பாதியில் நின்று திரும்பி என் இடுப்பைப் பார்த்தார்.

"என்ன சார், கல்லா?"

கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். வீட்டில் பீர் செய்து பார்க்கப் போகிறேன், அதற்குத்தான் பார்லி என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல முடியுமா? "ஆமா" என்றேன்.

"எத்தன எம்.எம்.?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஆறு."

"ஆறுதானே? கரைஞ்சிரும். எங்க மச்சானுக்கு ஒம்பது இருந்துச்சு. இந்தப் பார்லித் தண்ணியையே குடிச்சுக் குடிச்சு வெளிய தள்ளிட்டாரு."

அதோடு விட்டார்களா? பால் வாங்க வந்த அம்மா வாழைத்தண்டுச் சாறு என்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தவர் சிறுபீளைக் கஷாயம் என்றார். மூன்றாவது ஆள் தக்காளியைத் தொடவே கூடாது என்று என் பையிலிருந்த தக்காளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சென்னைப் புறநகரில் ஒருவன் பார்லி வாங்கினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இல்லாத கல்லைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு வெளியே வந்திருந்தேன். விருப்ப ஓய்வு என்று பெயர். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. மனைவி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ஏழேகாலுக்கு அவள் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஃப்ரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். கேட் வரை போவேன், வருவேன். படித்த பேப்பரையே மறுபடி எடுப்பேன். மணி பார்த்தால் எட்டுகூட ஆகியிருக்காது. ஓய்வு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மேல் கோபம் கோபமாக வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு நான்கு வருடம் முன்பு வரை நான் குடித்துக்கொண்டிருந்தவன். ஊர் சிரிக்கும் குடி அல்ல, வீடு அழும் குடி. மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்க, நான் காரின் பின் சீட்டில் நினைவில்லாமல் கிடந்தேன். மறுநாள் மனைவி சண்டை போடவில்லை. கையை நீட்டி, "இனிமே இல்லன்னு இதைத் தொட்டுச் சொல்லுங்க" என்றாள். தொட்டுச் சொன்னேன். நான்கு வருடம் சொன்னபடியே இருந்தேன். அந்த நான்கு வருடம்தான் எங்கள் வீட்டின் சொத்து. அவள் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டாள்.

ஓய்வு பெற்ற புதிதில் மகளைப் பார்க்கப் பெங்களூர் போனேன். மருமகன் என்னை ஒரு பெரிய கடைக்கு அழைத்துப் போனார். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறார்கள். என் முன்னாலும் ஒரு கிளாஸ் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குடித்தேன், ஒன்றோடு நிறுத்தினேன். ஆனால் திரும்பி வந்த பிறகு மனசில் நின்றது அந்த ருசி இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற செம்பு அண்டாக்களும், சுவரில் எழுதியிருந்த சாமான் பட்டியலும்தான். பார்லி, ஒரு பூ, ஈஸ்ட், தண்ணீர். நான்கே சாமான்! இருபத்தெட்டு வருடம் அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடித்தே பிழைத்தவன், ஒரு தடவை நானே ஒன்றைச் செய்து பார்த்தால் என்ன? குடிக்க இல்லை, செய்து பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம் மாநிலத்தில் வீட்டில் காய்ச்சுவது குற்றம் என்பது தெரியும். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். குடித்துப் பழகியவன் மனசுக்குள் ஒரு வக்கீல் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருப்பான்.

அண்ணாச்சி கொடுத்த பார்லியை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊறப்போட்டுப் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். முளை வர வேண்டும். முளை வந்தால்தான் அடுத்த வேலை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு நாள், மூன்று நாள், ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் நுரை கட்டிப் புளித்த நாற்றம்தான் வந்தது. கடையில் கிடைப்பது தோல் நீக்கிப் பாலிஷ் போட்ட பார்லி, அது கஞ்சிக்கு ஆகுமே தவிர முளைக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தரப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவனின் லட்சணம் இது.

அன்று மீன்கார அம்மா வரும் நாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வருவார். மீனை எங்கள் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். சங்கராவைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா சார், ஊறல் போட்டுகினு கீறியா?"

ஊறல்! பேப்பரில் வருமே, அந்த வார்த்தை. பேரல்களுக்குப் பின்னால் போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்கும் படத்துக்குக் கீழே இருக்கும். அரிசியை ஊறப்போட்டால் இட்லி, ஊறல் போட்டால் ஜெயில். நான்கு நாளாக நான் அதை 'பிரிபரேஷன்' என்று மனசுக்குள் இங்கிலீஷில் சொல்லிவந்திருக்கிறேன்.

"பார்லிம்மா. கல்லுக்கு."

"கல்லுக்குப் போட்டா இந்த வாடை வருமா? எங்கூட்டு ஆளு இதே வாடையோடதான் சாவற வரிக்கும் என் பக்கத்துல படுத்துகினு இருந்தான். என் மூக்கை ஏமாத்தாதே சார்." மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்டினார். "டீச்சரம்மாவுக்குத் தெரியுமா?"

நான் வாளியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"நீயே சொல்லிடு. அப்பால தெரிஞ்சா ரொம்ப பேஜாரு."

அவர் போனதும் வாளியைச் சாக்கடையில் கொட்டி, வாளியை மூன்று தடவை பினாயில் விட்டுக் கழுவினேன். அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷன். மறுநாள் காலை ஏழேகாலுக்கு ஸ்கூட்டர் சத்தம் மறைந்ததும் என் பைக்கை வெளியே எடுத்துவிட்டேன். தோலோடு இருக்கும் பார்லி எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்?

சேலையூரில் ஓர் இயற்கை அங்காடியில் 'மால்ட்' இருக்கிறதா என்று கேட்டேன். முளைத்த பார்லியை, பீர் காய்ச்சுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்காரப் பெண் சந்தோஷமாக அலமாரியைத் திறந்தார். "பீட்ரூட் மால்ட் இருக்கு சார், கேரட் மால்ட் இருக்கு, ஆப்பிளோட சேத்து மூணும் கலந்த ஏ.பி.சி. மால்ட் இருக்கு. பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

"அப்ப கேழ்வரகு மால்ட் எடுத்துக்கங்க. சுகர் ஏறாது."

ஏலக்காய் வாசனையோடு ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டலூர் தாண்டி ஒரு மாட்டுத்தீவனக் கடையில் கேட்டதற்கு, மாடு எத்தனை என்றார்கள். மாடு இல்லை என்றதும் மேலும் கீழும் பார்த்தார்கள். கடைசியில் கோவிலம்பாக்கத்தில் ஒரு வடநாட்டுக்காரர் கடையில் கிடைத்தது. அவர்கள் நவராத்திரிக்கு மண்ணில் தூவி முளைக்க வைத்துப் பூஜை செய்வார்களாம். அந்த வருடம் விற்றது போக ஒரு பாக்கெட் மிச்சமிருந்தது. "பூஜைக்கா சார்?" என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்காரும் நான், "ஆமா" என்றேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு இரண்டாவது கூச்சமே இல்லாமல் வருகிறது.

அந்தப் பார்லி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஈரச் சாக்குக்கு அடியில் இரண்டே நாளில் முளை விட்டது. குனிந்து பார்த்தபோது வெள்ளையாகச் சின்னச் சின்ன வேர்கள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று சாயங்காலமே கல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மனைவி அண்ணாச்சி கடையில் துவரம்பருப்பு வாங்கப் போயிருக்கிறாள். "சாருக்குக் கல்லு தேவலையா?" என்று அவர் அக்கறையாகக் கேட்டிருக்கிறார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு மூன்று வருடம் டயாலிசிஸ் நடந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை கூட்டிப் போனது இவள்தான். அந்த மூன்று வருடத்தில் இவள் முகத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு பயம் உண்டு. அதை மறுபடியும் பார்த்தேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அப்போது சொல்லியிருக்கலாம். கதவு திறந்தே இருந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ பயப்படுவியேன்னுதான்." அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய்க்குக் கிடைத்த அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்லித் தண்ணீர், மதியம் வாழைத்தண்டு, இரவில் தக்காளி போடாத ரசம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஹாலில் முழங்கால் போட்டு என் கல்லுக்காக ஜெபித்தார்கள். ஓர் அக்கா ஆறு எம்.எம். என்று அளவையும் சொல்லியே கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, மாடியில் சாக்கு காய்ந்திருக்குமே, தண்ணீர் தெளிக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் பூ வந்தது. பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கும் பூ அது; ஹாப்ஸ் என்பார்கள். இந்த ஊரில் விளையாது. ஆன்லைனில் யாரோ ஒருவரிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வர வேண்டிய கூரியர், அவள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து வந்தது. வெறும் பிளாஸ்டிக் கவர், பூவின் பேர் எழுதிய ஒட்டுத்தாள், உள்ளே காய்ந்த பச்சைப் பூக்கள்.

"என்னங்க இது?"

"மூலிகை. கல்லுக்கு."

கவரை முகர்ந்து பார்த்தாள், ஒட்டுத்தாளைப் படித்தாள், எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் ஒரு டம்ளர் கஷாயம் வந்தது. வேப்பிலையையும் நாரத்தைத் தோலையும் சேர்த்து அரைத்துக் குடித்தாற்போல் ஒரு கசப்பு. அவள் பக்கத்திலேயே நின்றாள். முழுவதும் குடிக்க வேண்டியதாயிற்று. அன்று மதியம் நான் மாதக்கணக்கில் தூங்காத தூக்கம் தூங்கினேன் என்பது வேறு விஷயம். தினம் ஒரு டம்ளராக அந்தக் கவர் காலியாகிக்கொண்டே வந்தது. மேற்குத் தாம்பரத்தில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த ஈஸ்ட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆப்ப மாவில் கலந்துவிட்டாள். ஆப்பம் அருமையாக இருந்தது. பார்லி, பூ, ஈஸ்ட், தண்ணீர் நான்கும் என் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தன, தனித்தனியாக.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்கு அழைத்துப் போனாள். லீவு போட்டிருந்தாள். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, பெஞ்சில் ஒரு மணி நேரம் நெளிந்தேன். டாக்டரம்மா வயிற்றில் ஜெல் தடவி, கருவியை அழுத்தி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டிப் பார்த்தார். "கல் இருக்குன்னு யார் சொன்னது? ரெண்டு கிட்னியும் சுத்தமா இருக்கே!"

"ஆறு எம்.எம். இருந்துச்சு டாக்டர்" என்றாள் மனைவி, என்னை முந்திக்கொண்டு.

"அப்ப போயிருக்கும்."

அவள் அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நான் துணியால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும்போது அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டினாள். வேளச்சேரி சாலையில் வண்டிகள் நகரவில்லை. முகத்தைப் பாதி திருப்பி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினாள்.

"ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லப் போறேங்க. பாஸ்டருக்கு இப்பவே மெசேஜ் போட்டுட்டேன்."

எங்கள் சபையில், கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. கல் கரைந்த சாட்சி!

"அது மட்டும் இல்ல. நீங்க குடியை விட்டதுக்கும் நான் இன்னும் சாட்சி சொல்லல. நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் எழுந்திரிக்கணும்னு நெனப்பேன். சொல்லி, மறுநாளே நீங்க குடிச்சுட்டு வந்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்கும், உக்காந்துடுவேன். இப்ப அந்தப் பயம் போயிடுச்சு. ரெண்டையும் சேத்துச் சொல்லப் போறேன்."

பின்னால் ஒரு மாநகரப் பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. எனக்கு வண்டியிலிருந்து குதித்து எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன், அதை மட்டும் செய்ய முடிந்தது.

சமையலறையில் அவள் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது சொன்னேன். கல் எப்போதுமே இல்லை என்று தொடங்கினேன். அண்ணாச்சி, வாளி, கோவிலம்பாக்கம், மாடி என்று ஒன்று விடாமல் சொன்னேன். பெங்களூரில் குடித்த அந்த ஒரு கிளாஸையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பூவோட பேரை அன்னிக்கே போன்ல போட்டுப் பாத்தேன்" என்றாள். "பீருக்குப் போடுறதுன்னு இருந்துச்சு. கீழயே, மருந்துக்கும் ஆகும்னு இருந்துச்சு. நான் ரெண்டாவது வரியை நம்பிக்கிட்டேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாடில இருக்கறதை எடுத்துட்டுப் போய்க் கொட்டுங்க."

மேலே போய்ச் சாக்கைத் தூக்கினேன். இத்தனை வாரம் தண்ணீர் தெளித்ததோடு சரி, அடுத்த வேலையைத் தொடங்க முடியாததில் முளை புல்லாகவே வளர்ந்திருந்தது. வாரி எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் நின்ற மாட்டுக்குப் போட்டேன். நின்று தின்றது.

சனிக்கிழமை முழுவதும் அவள் பரீட்சைத் தாள் திருத்தினாள். சாப்பாடு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாட்சியைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. பாஸ்டரிடம் பேர் கொடுத்தாயிற்று. சபைக்கே தெரியும். இவள் எழுந்து பொய் சொல்ல மாட்டாள். உண்மையைச் சொன்னால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்து நின்றாள். மைக்கைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வந்த அக்கா இப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி."

"ஸ்தோத்திரம்!" என்று சபை முழுக்கச் சொன்னது. பாஸ்டர் சிரித்தபடி காத்திருந்தார். "இன்னொண்ணும் இருக்குன்னு மெசேஜ்ல சொன்னீங்களே சிஸ்டர்?"

அவள் மைக்கை அடுத்த கைக்கு மாற்றிப் பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கு இன்னும் நாள் ஆகும் பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.